அமெரிக்கரைப் பற்றிய உலகின் கருத்து தொலைவிலிருந்து கட்டிக்கொண்டதே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘அமெரிக்கரைப் பற்றி உலகம் வைத்திருக்கும் கருத்து, பழகி அறிந்ததா, தொலைவிலிருந்து கட்டிக்கொண்டதா?’ என்பது இன்றைய தலைப்பு. கட்டிக்கொண்டதே என்னும் அணியின் சார்பில் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அமெரிக்கர் உரக்கப் பேசுவார், உலகம் அறியாதவர், பிறர் மொழியைக் கற்க மாட்டார், பணத்தையே நினைப்பார், எல்லாரும் தம்மைப் போல ஆக வேண்டும் என்று எண்ணுவார் என்று அடுக்கினார். இத்தனை நாடுகளில் இத்தனை கோடிப் பேர் ஒரே மாதிரி சொல்லும்போது அது எப்படிப் பொய்யாகும் என்றும் கேட்டார். அவருடைய வாதத்தின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பலர் ஒரே மாதிரி சொல்வதால் ஒன்று உண்மையாகிவிடுமா என்பதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், 49 பண்பாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4,000 பேரிடம், உங்கள் நாட்டைச் சேர்ந்த சராசரி மனிதர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். அந்தப் பதில்களை, அதே நாடுகளில் தனி மனிதர்களை அளந்து பெற்ற குணநல மதிப்பீடுகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் பொருத்தமே இல்லை. அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கனடாவும் அமெரிக்காவும் பற்றிய முடிவு. தாங்கள் அழுத்தமாகத் தம்மை முன்னிறுத்துகிறவர்கள் என்று அமெரிக்கர்கள் நினைத்தார்கள். தாங்கள் பணிந்து போகிறவர்கள் என்று கனடியர்கள் நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது அந்தக் குணத்தில் இரு நாட்டவருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நடுவர் அவர்களே, இது தம் சொந்த மக்களைப் பற்றி, அவர்களோடு பிறந்து வளர்ந்தவர்களே கொண்டிருந்த கருத்து. அதுவே இப்படித் தவறுகிறது என்றால், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, வாழ்நாளில் ஒரு அமெரிக்கரோடும் அமர்ந்து பேசியிராத ஒருவர் சொல்லும் கருத்துக்கு எவ்வளவு எடை கொடுக்க முடியும்?

அடுத்து, இந்தக் கருத்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மக்களோடு பழகி வந்த கருத்தாக இருந்தால் அது மெல்லத்தான் மாற வேண்டும்; ஏனென்றால் ஒரு மக்களின் இயல்பு ஓர் ஆண்டில் மாறுவதில்லை. பல நாட்டு மக்களின் கருத்தைக் கேட்டு அளக்கும் பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். 2002-இல் இந்தோனேசியர்களில் 61 விழுக்காட்டினர் அமெரிக்காவைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தார்கள். ஈராக் போர் வந்த 2003-இல் அது 15 விழுக்காடாகச் சரிந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இந்தோனேசியாவின் ஆச்சே கரையை அழித்தது. ‘ஆபிரகாம் லிங்கன்’ என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் சுமத்ரா கரைக்கு வந்து நிற்க, அதன் ஹெலிகாப்டர்கள் சாலைகள் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு உணவும் நீரும் கொண்டு சென்றன. 2005-இல் நல்லெண்ணம் 38 விழுக்காடாக ஏறியது. சிறுவயதில் ஜகார்த்தாவில் வாழ்ந்த ஒபாமா அதிபரான 2009-இல் அது 63 விழுக்காட்டைத் தொட்டது. ஜெர்மனியில் 2008-இல் 31 விழுக்காடு. அடுத்த ஆண்டே 64. இந்த ஏழாண்டுகளில் ஓஹாயோவின் விவசாயியோ டெக்ஸாஸின் பள்ளி ஆசிரியையோ இத்தனை முறை குணம் மாறினார்களா? மாறியது வெள்ளை மாளிகையும் போர்க்களமும்தான்.

அந்த எண்கள் நாட்டைப் பற்றியவை, மக்களைப் பற்றியவை அல்ல என்று எதிரணியினர் மறுக்கக்கூடும், நியாயமான மறுப்புதான். அதே ஆய்வு மையம் அமெரிக்க மக்களைப் பற்றித் தனியாகவும் கேட்டிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் நாட்டுக்குக் கிடைத்ததைவிட மக்களுக்கு உயர்ந்த மதிப்பே கிடைத்தது. ஆனால் போர் நீளநீள, பல நாடுகளில் மக்களைப் பற்றிய மதிப்பும் கூடவே இறங்கியது. அரசின் நிழல் எப்படி மக்கள்மேல் விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அமெரிக்கரில் பத்தில் ஒருவரிடம்கூட கடவுச்சீட்டு இல்லை, ஆகவே அவர்கள் உலகம் அறியாதவர்கள் என்றார் எதிரணித் தலைவர். இது ஒரு காலத்தில் உண்மை. 1989-இல் நடப்பிலிருந்த அமெரிக்கக் கடவுச்சீட்டுகள் சுமார் 73 லட்சம். 2023-இல் அந்த எண்ணிக்கை 16 கோடியைத் தாண்டிவிட்டது. மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி. முன்பு ஏன் குறைவாக இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அவர்கள் நெடுங்காலம் கடவுச்சீட்டு இல்லாமலே போய்வந்தார்கள். தரைவழியாகத் திரும்பி வருவதற்கும் கடவுச்சீட்டோ அதற்கு ஈடான ஆவணமோ வேண்டும் என்ற விதி 2009 ஜூன் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பறப்பது, லிஸ்பனிலிருந்து மாஸ்கோவுக்குப் பறப்பதற்கு நிகரான தூரம். ஐரோப்பியர் பல நாடுகளைக் கடக்கும் தொலைவில் அமெரிக்கர் தம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறார். நிலப்பரப்பும் எல்லைச் சட்டமும் உண்டாக்கிய நிலையை எடுத்து, மனத்தின் குறுகல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிலைமை தலைகீழாக மாறிய பிறகும் பழைய கணக்கு இந்த மேடை வரை வந்து சேர்கிறதே, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

பணத்தையே நினைப்பவர்கள் என்ற குற்றச்சாட்டை நான் நீட்ட விரும்பவில்லை. 2023-இல் அமெரிக்காவில் அறப்பணிகளுக்கு வழங்கப்பட்ட தொகை 55,000 கோடி டாலருக்கும் மேல். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனி மனிதர்கள் தந்தது. வரிச்சலுகை உண்டு, கணிசமான பகுதி சொந்த தேவாலயங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போகிறது என்பதெல்லாம் சரி. ஆனாலும் கொடுக்கத் தெரியாத மக்கள் என்று அவர்களைச் சொல்ல இந்தக் கணக்கு இடம் தராது.

பிறர் மொழியைக் கற்க மாட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும்; அதைத் தமிழ் மேடையில் சொன்னதால் கூடுதல் கடமை இருக்கிறது. 1816-இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அந்த மிஷனைச் சேர்ந்த மிரன் வின்ஸ்லோ 1862-இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. முன்னோர் சேர்த்தவற்றின் மேலும், தமிழ்ப் புலவர்களின் துணையோடும் எழுந்த அந்த நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பிறகு தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம் ஆகிய துறைகளின் பாடநூல்களைத் தமிழாக்கினார். அதற்குரிய கலைச்சொற்களை மாணவர்களோடும் பண்டிதர்களோடும் இருந்து உருவாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்கள் அவரிடம் பயின்று வெளிவந்தார்கள். அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் தம் மாணவர்கள் மேனாட்டு உடைக்கும் மேசையில் உண்ணும் வழக்கத்துக்கும் மாறிவிடாமல் தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்று விரும்பி எழுதியவரும் அவரே. எல்லாரும் தம்மைப் போல ஆக வேண்டும் என்று எண்ணுவது அமெரிக்கரின் பிறவிக்குணம் என்றீர்களே, அதற்கும் இவரே விடை. தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொல்லிவிட்டு 1884-இல் மறைந்தார். அந்தக் கல் இருப்பது யாழ்ப்பாணத்தில் அல்ல, அமெரிக்காவில்.

இவர் ஒருவர்தானே, விதிவிலக்கு என்பார்கள். விதி என்று நீங்கள் சொல்வது எத்தனை பேரோடு பழகி எழுதப்பட்டது என்பதே என் கேள்வி. யாழ்ப்பாணத்துக்காரர் பழகி அறிந்த அமெரிக்கரும், திரைப்படத்தில் துப்பாக்கியோடு ஓடும் அமெரிக்கரும் ஒரே நாட்டவர்தான். உலகெங்கும் விற்பனையாகும் படங்களில் வெடியும் விரட்டலும் மிகுதி, ஏனெனில் அவற்றுக்கு மொழிபெயர்ப்பு அதிகம் தேவையில்லை. கான்சஸில் ஒரு நூலகர் மாலை வரை பிள்ளைகளுக்குக் கதை படிப்பது கடல் தாண்டி விற்பனையாவதில்லை.

நேரில் பார்த்து எழுதியவர்களும் உண்டே என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஆங்கில எழுத்தாளர்களான பிரான்சஸ் டிரலோப்பையும் சார்லஸ் டிக்கன்ஸையும் மேற்கோள் காட்டினார். புகையிலை எச்சிலைக் கண்ட இடத்தில் துப்பும் அநாகரிகர்கள் என்று அவர்கள் எழுதியது உண்மைதான். அந்தப் பழக்கமும் அன்று இருந்தது. ஆனால் டிரலோப் அம்மையார் சின்சினாட்டியில் ஓர் அங்காடி தொடங்கி, அது நொடித்துப் பணத்தை இழந்த பிறகு இங்கிலாந்து திரும்பி, 1832-இல் எழுதியவர். 1842-இல் சென்ற டிக்கன்ஸ், தம் நூல்களை அமெரிக்கப் பதிப்பாளர்கள் அனுமதியின்றி அச்சிடுவதை எதிர்த்துப் பேசி, அதற்காக அங்குள்ள பத்திரிகைகளின் ஏச்சைப் பெற்றவர். அவர்கள் மனக்காயத்தோடு பார்த்தார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஒரு முழு மக்களின் நிரந்தரச் சித்திரமாக அதை நாம் ஏற்க வேண்டிய கடமை இல்லை.

அமெரிக்கர் பிறரை இப்படித்தானே எடைபோடுகிறார்கள், நாம் மட்டும் ஏன் நிதானம் காட்ட வேண்டும் என்றும் ஒரு குரல் எழுந்தது. 2001 செப்டம்பர் 15 அன்று, அரிசோனாவின் மேசா நகரில், தம் பெட்ரோல் நிலையத்தின் முன் நின்ற சீக்கியர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும் கண்ட மாத்திரத்தில், நியூயார்க் கோபுரங்களைத் தகர்த்தவர்களின் இனம் இவர் என்று கொலைகாரன் முடிவு கட்டினான். தோற்றத்தையும் நாட்டையும் வைத்து மனிதரை அறிந்துவிட்டதாக நினைக்கும் அதே வழக்கம்தான் அங்கே துப்பாக்கியைத் தூக்கியது. அந்தக் கொலையைக் கண்டிக்கிற நாம் அந்த வழக்கத்தை இன்னொரு திசையில் பயன்படுத்த முடியாது.

இறுதியாக, எதிரணியின் வலுவான வாதம் ஒன்றுக்கு வருகிறேன். அரசைத் தேர்ந்தெடுத்தவர்கள் மக்கள்தானே, ஈராக் போருக்கு அவர்கள் பொறுப்பில்லையா என்றார்கள். 2003-இல் அந்தப் போரை அமெரிக்கர்களில் பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போர் தொடங்குவதற்கு முன்பே, அவ்வாண்டு பிப்ரவரி 15 அன்று, நியூயார்க்கில் லட்சக்கணக்கானோர் கடுங்குளிரில் அதை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள் என்பதும் அதே அளவு உண்மை. பொறுப்பைக் கேளுங்கள். ஆதரித்தவரை, வாக்களித்தவரை, ஆணையிட்டவரை, செய்த செயலைச் சுட்டிக் கேளுங்கள். ஆனால் எதிரணியினர் இன்று கொண்டுவந்தது அந்தக் கேள்வி அல்ல. ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும், அன்று பிறந்தே இராத பிள்ளைக்கும் சேர்த்து ஒரே குணத்தை எழுதி நீட்டியிருக்கிறார்கள். அதைப் பழகி அறிந்தது என்று ஏற்க முடியாது என்பதால், எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். நன்றி.