எழும்பூர்ச் சட்டாம்பிள்ளைகள்

அன்பர்களே, வணக்கம். எழும்பூர் ரயில் நிலையம் 1908இல் திறக்கப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பு அந்த இடத்தில் கும்பினியாரின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், சிறு கோட்டை ஒன்று இருந்தது. 1789இல் அதற்குள் ஆண் பிள்ளைகளுக்கு ஓர் அனாதை இல்லம் தொடங்கினார்கள்.

பட்டாளத்து வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகள் அவர்கள். பலருக்குத் தாய் இந்தியப் பெண். அந்தத் தாயின் பழக்கவழக்கம் பிள்ளையிடம் ஒட்டக்கூடாது என்பதும் இல்லத்தின் நோக்கங்களில் ஒன்று. பசிக்குச் சோறு கொடுத்தார்கள், சரி. அதற்கு வாங்கிய விலையையும் நாம் பேசத்தான் வேண்டும்.

கண்காணிப்பாளராக வந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். சம்பளம் வேண்டாம் என்றவர். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே இங்கும் செய்யுங்கள் என்றார். ஆசிரியர்கள் மசியவில்லை. அப்புறம் என்ன செய்தார்? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவர்கள் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான். பிறகு மற்ற வகுப்புகளும் பையன்கள் கைக்கே வந்தன. குற்றம் செய்தவன் பெயர் ஒரு கறுப்புப் புத்தகத்தில் ஏறும்; விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதும் பையன்கள்தான். பிரம்புக்கு அதிகம் வேலையில்லை. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

பெல் ஊர் திரும்பி 1797இல் இதைப் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. கூலி கொடுக்காமல் ஆசிரியர் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்! சட்டாம்பிள்ளை, அதாவது மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவன், வைத்துப் பாடம் நடத்துவது நம் திண்ணைப் பள்ளிகளில் பழைய வழக்கம். புகழ் பெல்லுக்குப் போனது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பையன்கள் என்ன ஆனார்கள்? 1794இல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளிக்குச் சிலரை எடுத்துக்கொண்டார்கள். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். கும்பினியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி மைசூரை அளந்தபோது அளவுச் சங்கிலி பிடித்து, வெயிலிலும் காய்ச்சலிலும் அலைந்து வரைபடம் போட்டவர்களில் அங்கே பயின்ற இளைஞர்கள் உண்டு. தாயின் ஊரை அளந்து தகப்பனின் கும்பினிக்குக் கொடுத்தார்கள். அந்த வரைபடங்களைப் பற்றிப் பேசும்போது மெக்கன்சியோடு நிறுத்திவிடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.