ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட்?

நேயர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக்கில் மின்மாற்றி (டிரான்ஸ்ஃபார்மர்) பாடம் தொடங்கும் நாளில் நான் முதலில் சூத்திரம் எழுதுவதில்லை. சுருள் ஒன்றை மாணவர் கையில் கொடுத்துவிடுவேன். இரும்புத் தகடுகளை அடுக்கிய உள்ளகம். அதன்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பி, 920 சுற்று. இதற்கு 230 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு? கால் வோல்ட். இந்தச் சுருள் உள்ளகத்தில் எழுப்பும் காந்தப்பாயம், அதாவது அதன் வழியே செல்லும் மொத்தக் காந்தப்புலம், அதே உள்ளகத்தில் சுற்றும் இரண்டாவது சுருளையும் ஊடுருவுகிறது. அங்கும் சுற்றுக்குக் கால் வோல்ட்தான். 12 வோல்ட் வேண்டுமா? 48 சுற்று சுற்றுங்கள். பாடநூலில் உள்ள சுற்று விகிதச் சூத்திரம் இவ்வளவுதான்.

ஆனால் பேட்டரியை இணைத்தால் பலிக்காது; அது தரும் மின்னழுத்தம் மாறாதது. காந்தப்பாயம் மாறிக்கொண்டே இருந்தால்தான் இரண்டாவது சுருளில் மின்னழுத்தம் பிறக்கும்.

இலட்சிய மின்மாற்றி என்றால், கம்பிக்கு மின்தடை இல்லை, இரும்பு சூடாவதில்லை, காந்தப்பாயம் கசிவதில்லை என்று வைத்துக்கொள்கிறோம். அப்போது உள்ளே போகும் மின்திறன் முழுவதும் வெளியே வரும்.

இப்போது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம். அதன் பெயர்ப்பலகையில் 11,000 / 433 வோல்ட் என்று பொறித்திருக்கும். ஒன்றை மற்றதால் வகுத்து, சுற்று விகிதம் ஏறத்தாழ 25 என்று எழுதிவிடும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. வகுத்தலில் பிழை இல்லை. எந்தச் சுருளில் எந்த மின்னழுத்தம் என்று பார்க்கவில்லை, அதுதான் பிழை. இது மூன்று பேஸ், அதாவது மூன்று மின்கம்பிகள் கொண்ட மின்சாரம்; ஒவ்வொரு பக்கமும் மூன்று சுருள்கள். உயர் அழுத்தச் சுருள்கள் டெல்டா இணைப்பில், அதாவது முக்கோணமாக, இரண்டிரண்டு பேஸ்களுக்கு இடையே இருப்பதால் ஒவ்வொன்றின் மீதும் முழு 11,000 வோல்ட் விழுகிறது. தாழ் அழுத்தச் சுருள்கள் ஸ்டார் இணைப்பில், அதாவது ஒரு முனை பொதுப்புள்ளியில் சேர்ந்தபடி இருக்கின்றன. 433 என்பது இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள அளவு. ஒரு சுருளுக்கு உரியதைக் காண அதை 1.732ஆல் வகுக்க வேண்டும்: 250 வோல்ட். ஆக, உண்மையான விகிதம் 44.

வீட்டுக்கு 230 போதுமே, 250 எதற்கு என்று கேட்கலாம். அது சுமை ஏறாத நேரத்து அளவு. சுமை ஏறினால் சுருளிலும் தெருக் கம்பியிலும் கொஞ்சம் குறையும். கடைசி வீட்டையும் எண்ணிக் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

மின்னழுத்தம் 44 மடங்கு குறைந்தால், இலட்சியக் கணக்கில் மின்னோட்டம் 44 மடங்கு கூட வேண்டும். 100 கிலோ வோல்ட் ஆம்பியர் திறன் கொண்ட மின்மாற்றியில், முழுச் சுமையின்போது உயர் அழுத்தச் சுருள் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 3 ஆம்பியர், தாழ் அழுத்தச் சுருளில் 133 ஆம்பியர். நாளை அந்தப் பக்கம் போகும்போது, தள்ளி நின்றே அண்ணாந்து பாருங்கள். மேலே வந்து சேரும் 11,000 வோல்ட் கம்பி மெல்லியதாகவும், தெருவுக்கு இறங்கும் கேபிள் தடித்தும் இருக்கும்.

வணக்கம்.