துப்பாக்கி ஓயட்டும் என்று காத்திருக்க முடியாது!

நடுவர் அவர்களே, வணக்கம். 'முதலில் போர்நிறுத்தம், பிறகுதான் பேச்சுவார்த்தை' என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். கேட்க இனிக்கிறது. அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்பதும் இனிக்கத்தான் செய்யும்!

கொலம்பியாவுக்கு வாருங்கள். அரசுக்கும் ஃபார்க் கெரில்லாக்களுக்கும் ஐம்பதாண்டுச் சண்டை. எதிரணி சொல்லும் வைத்தியத்தை அங்கே 1984-லேயே பார்த்துவிட்டார்கள். போர்நிறுத்தம் வந்தது, ஃபார்க் ஆதரவோடு யூனியன் பேட்ரியாட்டிகா என்ற கட்சியும் பிறந்தது. அந்தக் கட்சிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், போர்நிறுத்தமும் நிலைக்கவில்லை. 1998-ல் இன்னொரு முயற்சி: பேசுவதற்காகக் காகுவான் பகுதியில் சுமார் 42,000 சதுர கிலோமீட்டரிலிருந்து ராணுவத்தை விலக்கினார்கள். ஃபார்க் அங்கே உட்கார்ந்து பலத்தைப் பெருக்கிக்கொண்டது. 2002-ல் அதுவும் முறிந்தது.

அடுத்த முறை கணக்கை மாற்றினார்கள். ரகசியத் தொடர்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2011 நவம்பரில் ஃபார்க் தலைவர் அல்ஃபோன்சோ கானோவை ராணுவம் கொன்றது. அப்படியும் 2012 பிப்ரவரியில் இரு தரப்பும் கியூபா தலைநகர் ஹவானாவில் உட்கார்ந்தன! ஆகஸ்டில், எதை எப்படிப் பேசுவது என்று ஒரு சட்டக ஒப்பந்தம். நிலம், அரசியல் பங்கேற்பு, போர் முடிவு, போதைப்பொருள், பாதிக்கப்பட்டோர், அமலாக்கம் என்று பேசவேண்டியது ஆறே தலைப்பு. அமர்வுக்கு ஓர் அணியில் பத்துப் பேர் வரை. முடிவெடுக்கும் அதிகாரம் ஐந்து பேர் வரைக்கும்தான். நார்வேயும் கியூபாவும் உத்தரவாத நாடுகள். எல்லாம் முடிவாகும்வரை எதுவும் முடிவல்ல. களத்தில் நடப்பது மேசையைத் தொடக்கூடாது.

ஏன் முதலிலேயே போர்நிறுத்தம் இல்லை? அதற்கு யார் எங்கே நிற்பது, எது மீறல், யார் சரிபார்ப்பது என்று தனியே ஒரு பேரமே நடத்த வேண்டும். அது முடியாமல் கையெழுத்திட்டால், எங்கோ ஒருவன் சுட்ட ஒரு குண்டு மொத்தப் பேச்சையும் கொன்றுவிடும்.

'2015 ஏப்ரலில் கௌகா மாகாணத்தில் 11 சிப்பாய்கள் செத்தார்களே' என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். ஃபார்க் தானே அறிவித்த போர்நிறுத்தத்தைத் தானே மீறியது. அரசு மறுபடி குண்டு வீசியது. மே மாதம் ஃபார்க் தன் அறிவிப்பை வாபஸ் வாங்கியது. எதிரணியின் விதிப்படி பேச்சு அன்றே செத்திருக்க வேண்டும். ஆனால் மேசை கலையவில்லை. ஜூலையில் இரு தரப்பும் தாக்குதலைக் குறைக்க ஒப்புக்கொண்டன.

அதே 2015-ல், அன்டியோகியா மாகாணத்தின் எல் ஒரெஹோன் கிராமத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை. வெடி எங்கே புதைந்திருக்கிறது என்று ஃபார்க் ஆட்கள் காட்ட, ராணுவத்தினர் எடுத்தார்கள். அப்போது இரு தரப்புக்கும் நடுவே போர்நிறுத்த ஒப்பந்தமே கிடையாது, நடுவர் அவர்களே! சமரசம் என்பது போருக்குப் பின் வரும் சடங்கு என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, பாதிக்கப்பட்டோர் 60 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, ஹவானாவில் இரு தரப்பின் முகத்துக்கு நேரே பேசியிருந்தார்கள்.

மணியடிக்க வேண்டாம், ஒன்றே ஒன்று. 2016 அக்டோபர் 2 மக்கள் வாக்கெடுப்பில், பேசி முடித்த அமைதி ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது. வேண்டாம் என்றவர்கள் 50.2 சதவீதம். ஆனால் ஆகஸ்ட் 29-ல் தொடங்கிய இருதரப்புப் போர்நிறுத்தம் உடையவில்லை. திருத்தி எழுதி நவம்பர் 24-ல் மறுபடி கையெழுத்திட்டார்கள். நாலு வருடம் பேசிப் பழகிய பிறகு வந்த போர்நிறுத்தம் அது. 1984-ல் வந்ததற்கு முன்னால் இப்படி நாலு வருடப் பேச்சு இருந்ததா என்று எதிரணி சொல்லட்டும்!