மணியைப் பார்க்காமல் மாவைப் பார்த்துச் சுடும் சவர்டோ

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து பேசுகிறேன். சவர்டோ, அதாவது மாவைத் தானாகப் புளிக்க விட்டுச் சுடும் ரொட்டி, என்றாலே தெர்மாமீட்டர், நேர அட்டவணை என்று தயங்கி ஒதுங்குகிறவர்கள்கூட, இட்லிக்கு மாவு ஆட்டி வைக்கும்போது எந்த அட்டவணையையும் பார்ப்பதில்லை. மார்கழிக் குளிரில் பாத்திரத்தை அடுப்போரம் நகர்த்துகிறோம், சித்திரையில் பொங்கியவுடன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறோம். அந்தக் கைப்பழக்கமே இந்த ரொட்டிக்கும் போதும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இந்தக் கண்ணாடி ஜாடியில் இருப்பது ஸ்டார்ட்டர். எங்கள் வீட்டில் இதைத் தாய்மாவு என்கிறோம். கோதுமை மாவிலேயே இருக்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் தண்ணீர் பட்டதும் பெருகிப் புளிக்க வைக்கின்றன. ரப்பர் பேண்ட் போட்ட இடத்திலிருந்து இரு மடங்கு உயர்ந்து, பக்கவாட்டில் குமிழ்கள் தெரிந்து, மோர் போன்ற இதமான புளிப்பு வாசனை வந்தால் அது தயார்.

சென்ற ஏப்ரலில் இதே ஜாடியை அக்கா வீட்டுக்காகச் சேலத்துக்கு எடுத்துச் சென்றேன். இங்கே மாலை வரை நிதானமாக உயரும் தாய்மாவு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கிய அன்று, மதியத்துக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு பை முழுக்க வழிந்துவிட்டது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. அந்த வெப்ப வேறுபாட்டில் யாரோ எழுதிய "ஆறு மணி நேரம்" இரண்டு ஊருக்கும் பொருந்தாது.

என் அளவு 400 கிராம் மைதா, 100 கிராம் கோதுமை மாவு, 350 கிராம் தண்ணீர், 100 கிராம் தாய்மாவு, 10 கிராம் உப்பு. அடித்துப் பிசைய வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை, நனைத்த கையால் ஓரத்தை இழுத்து நடுவில் மடித்து விடுங்கள். நான்கு முறை போதும். மாவு ஒன்றரை மடங்காகி, கிண்ணத்தை அசைத்தால் தளதளவென்று ஆட வேண்டும். சேலத்துக் கோடையில் அதற்கு நான்கு மணி நேரம் ஆகலாம். இங்கே டிசம்பரில் ஓர் இரவு முழுவதும் எனக்குத் தேவைப்படுகிறது. உருட்டி வைத்தபின் விருந்தாளி வந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் சுடுங்கள். குளிர் புளிப்பதை மெதுவாக்குமே தவிரக் கெடுக்காது, சுவையும் கூடும்.

கனமான இரும்புப் பாத்திரத்தை மூடியோடு ஓவனில் 230 டிகிரியில் நன்றாகக் காய வையுங்கள். மாவை அதில் இறக்கி, பிளேடால் ஒரு கீறல் போட்டு, மூடி வைத்து 25 நிமிடம், திறந்து 20 நிமிடம். மாவிலிருந்து எழும் ஆவியை மூடி பிடித்து வைப்பதால் மேல்தோல் உடனே இறுகாமல் ரொட்டி எழும்புகிறது.

இதோ இறக்கிவிட்டேன். தோல் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கிறதா? உள்ளே இன்னும் ஈரம் அடங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது வெட்டினால் பிசுபிசுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் கத்தியை எடுக்கிறேன்.