நூறு இந்திய ரூபாவுக்கு நம் பணம் எவ்வளவு?
(திருகோணமலையில் வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்கும் வணிகர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பிள்ளைகளே,

1968 டிசம்பரில் நூறு இந்திய ரூபாவுக்கு இலங்கைப் பணம் எவ்வளவு? 79 ரூபா 33 சதம் என்பது ஒரு விடை. 114 ரூபா 24 சதம் என்பது இன்னொன்று. இரண்டும் சரி. பழைய கொடுக்கல் வாங்கலைக் கணக்கிட உட்காருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1966 நடுப்பகுதி வரை சிக்கலே இல்லை. இரண்டு ரூபாவும் ஸ்டேர்லிங்கோடு, அதாவது பிரித்தானியப் பவுணோடு, ஒரே விகிதத்தில் கட்டப்பட்டிருந்தன: ஒரு ரூபா ஒன்றரை ஷில்லிங் (ஒரு பவுணுக்கு 20 ஷில்லிங்). இங்கே கடற்படைத் தளம் 1957இல் பிரித்தானியரிடமிருந்து கைமாறும்வரை பவுணை மாற்றியவர்களுக்குக் கிடைத்த 13 ரூபா 33 சதமும் அந்தக் கணக்குத்தான். 1949இல் பவுண் இறங்கியபோது இரண்டும் கூடவே இறங்கின, டொலருக்கு 4.76 ஆயின. அதனால் கொழும்பு ரூபாவும் சென்னை ரூபாவும் ஒன்றுக்கு ஒன்று.

1966 ஜூன் 6இல் இந்தியா தன் ரூபாவை டொலருக்கு 7.50 ஆக இறக்கியது. நாம் இறக்கவில்லை. ஒரே நாளில் நம் ஒரு ரூபாவுக்கு இந்தியப் பணம் 1.58 ஆயிற்று. 1967 நவம்பரில் பவுண் விழுந்தது; இலங்கை 20 வீதம் இறக்கி 5.95க்கு வந்தது, இந்தியா அசையவில்லை. 7.50ஐ 5.95ஆல் வகுத்தால் 1.26.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 1966க்கு இந்திய ரூபாவின் டொலர் சராசரி என்று அட்டவணைகளில் 6.3 சொச்சம் வரும். அந்த வீதத்தில் அந்த ஆண்டின் எந்த நாளிலும் யாரும் ஒரு சதம்கூட மாற்றியதில்லை. முறிவு நடந்த ஆண்டுக்குச் சராசரியை எடுக்காதீர்கள், தேதியைப் பாருங்கள்.

இனி அந்த இரட்டை விடை. 1968 மே மாதம் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது, அதாவது சிலவற்றுக்கு டொலர் மாற்ற அரசாங்க வீதத்துக்கு மேல் ஒரு மேலதிகம் சேரும் முறை. அரிசி போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும், தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதிக்கும் 5.95. மற்றவற்றுக்கு அதன்மேல் 44 வீதம் கூட்டி 8.568. இந்த மேலதிகம் பின்னர் 55, அப்புறம் 65 என உயர்ந்தது. ஆக, அரசாங்க வீதத்தில் நம் ரூபா இந்தியாவினதை விடப் பெரிது. சான்றிதழ் வீதத்தில் அது இந்தியப் பணத்தில் ஏறத்தாழ 87.5 காசுதான். சர்வதேச அட்டவணைகள் பெரும்பாலும் அரசாங்க வீதத்தையே தரும். அதனால் அந்தக் காலத்து பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பணம் எதற்காகப் போனது என்பதை. 1977 நவம்பரில் இரண்டையும் ஒன்றாக்கி டொலருக்கு 16 ரூபா என்று மிதக்க விட்டபோது இந்தக் குழப்பம் தீர்ந்தது. இந்தியாவில் அப்போது டொலர் ஒன்பது ரூபாவுக்குச் சற்றுக் கீழே; இந்திய ரூபா நம்மிடம் 1.80க்கு மேல் போயிற்று.

கணக்குப் போடும் முறை எளிது. இரு நாணயத்தின் டொலர் வீதத்தையும் ஒரே தேதிக்கு எடுங்கள். இரண்டும் வாங்கும் வீதமாகவோ, இரண்டும் விற்கும் வீதமாகவோ, நடுவீதமாகவோ இருக்கட்டும்; ஒன்று ஆண்டிறுதி, மற்றது ஆண்டுச் சராசரி என்று கலந்தால் விடை கெடும். இலங்கை வீதத்தை இந்திய வீதத்தால் வகுத்தால் ஓர் இந்திய ரூபாவுக்கான நம் ரூபா வரும். மாற்றி வகுத்துப் பாருங்கள். இரு விடைகளையும் பெருக்கினால் 1 வர வேண்டும். தலைகீழாக எழுதுவதுதான் பரீட்சையிலும் கடையிலும் அதிகம் நடக்கும் தவறு. இன்றைய மதிப்பு வேண்டுமென்றால் முதலில் அன்றைய வீதத்தில் மாற்றி, அதன்பின் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணால் உயர்த்துங்கள். அன்றைய பணத்தை இன்றைய வீதத்தில் மாற்றினால் கிடைப்பது வெறும் எண்தான்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களின் வங்கிப் புத்தகங்களுக்கும் இதே முறைதான். ஆனால் 2022க்கு மாதத்தைப் பார்த்தாலும் போதாது, நாளைப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் இந்திய ரூபா ஏறத்தாழ 2.70. மே நடுவில் 4.60ஐத் தாண்டியிருந்தது.