650 அடியில் நிறுத்தியிருக்க வேண்டும்

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2022, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் குரூப் 2 முதல்நிலைத் தேர்வை எழுதியும் தேர்ச்சி பெறவில்லை என்றும், வீட்டில் விசைத்தறியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றும், "இவ்வளவு நாள் படித்ததை எப்படி விடுவது?" என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, உங்கள் கேள்வியில் "இவ்வளவு நாள்" என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். எங்கள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது என் அப்பாவும் இதையேதான் சொன்னார். துளையிடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்ற அன்று காலையில், 650 அடிக்கு மேல் போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பூசை போட்டார். 650 அடியிலும் உலர்ந்த வெள்ளைப் புழுதிதான் பறந்தது. நம் பகுதி கடும்பாறை நிலம்; தண்ணீர் மேல்மண்ணுக்கு அடியில் சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழே ஆங்காங்கே உள்ள வெடிப்புகளிலும்தான் இருக்கும்; ஆழம் போகப்போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும், ஆனால் அடிக்கான விலையோ கூடிக்கொண்டே போகும். இது அப்பாவுக்குத் தெரியாததன்று. இருந்தும், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் நூறடி" என்று சொல்லிச் சொல்லியே 1,050 அடி வரை போனார். அன்று வாங்கிய கடன் தீர ஆறு ஆண்டுகள் ஆயின. குழி இன்றும் உலர்ந்துதான் கிடக்கிறது. மூடி போட்டு வைத்திருக்கிறோம்.

செலவழித்த பணம் பாறைக்கு அடியில் நீரூற்றை உண்டாக்குவதில்லை. புழுதி ஈரமாகிறதா, சேறாக வருகிறதா, பாறையின் நிறம் மாறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கும் அப்படியொரு அடையாளம் கையில் இருக்கிறது. தேர்வாணையம் வெளியிடும் விடைக்குறிப்பை வைத்து, 200 வினாக்களில் மூன்று முறையும் எத்தனை சரியாக எழுதினீர்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை ஏறி, தேர்ச்சிக் கோட்டுக்கு அருகில் வந்திருந்தால், அது ஈரப் புழுதி. மூன்று முறையும் அதே இடத்தில் நின்றிருந்தால், படிக்கும் நேரத்தைக் கூட்டுவதால் பயனிருக்காது. துளையிடும் இடமே தவறு.

அப்படியானால் எதையும் பாதியில் விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். வறண்ட நம் குளங்களுக்கு ஆற்று நீரைக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம் மக்கள் கேட்டு, 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் திறப்பு விழா கண்டது. பிடிவாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று நம் ஊரில் இல்லை. ஆனால் கவனியுங்கள்: மேட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தானாகவே தண்ணீர் ஓடிவரும் என்பதுதான் முதலில் பேசப்பட்ட வழி, கடைசியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாக ஓடும் பவானி நீரை மின்மோட்டார் வைத்து ஏற்றித்தான், 1,045 குளங்களுக்கும் குட்டைகளுக்கும் கொண்டுபோகிறார்கள். தண்ணீர் வேண்டும் என்பதை மக்கள் விடவில்லை. வழி மட்டும் மாறியது. பயிற்சி மையம், படிக்கும் முறை, தேர்வு, ஏன், குரூப் 2 என்பதுகூட வழிதான். அரசு வேலையே உங்கள் குறிக்கோளா, அல்லது மாதம் பிறந்தால் நிச்சயமாக ஒரு சம்பளம் வேண்டும் என்பதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தறியைப் பாதுகாப்பான ஒதுங்குமிடமாக நினைத்தும் போய்விடாதீர்கள். கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்ற நாட்களை உங்கள் அப்பா நன்றாக அறிவார். இன்று புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் இந்தத் தறியை வாங்குவீர்களா என்று அவரிடமும் கேளுங்கள். கொஞ்சம் கோபம் வரும், பரவாயில்லை.

தொடர்வதாக முடிவெடுத்தால், எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தால் நிறுத்துவீர்கள் என்பதை இப்போதே, தேர்வு அறிவிப்பு வருவதற்கு முன்பே, ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் அப்பா வாயால் மட்டுமே சொன்னார். அந்த மூன்று தேர்வுகளின் எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டு அடுத்த வாரம் பேசுகிறேன்.