லெப்பர்ட் கெக்கோவை ஜோடி சேர்க்கும் முன் அதன் வாலைப் பாருங்கள்

[காட்சி: சமையலறைத் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பெண் கெக்கோ. திரையில் 52 கிராம்.]

வணக்கம். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியை வாங்கிய சில மாதங்களிலேயே நிறையப் பேருக்கு ஓர் ஆசை வந்துவிடும். இன்னொன்றை வாங்கி ஜோடி சேர்த்தால் குஞ்சு பொரிக்குமே! ஆசை தப்பில்லை. ஆனால் ஆண் எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன்னால், உங்களிடம் இருக்கும் பெண்ணின் வாலைப் பாருங்கள்.

[காட்சி: தடித்த வாலின் நெருக்கமான காட்சி.]

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்கள்தான் இதன் சொந்த மண். இரை கிடைக்காத நாட்களுக்காகக் கொழுப்பை வாலில் சேர்த்து வைக்கும். முட்டைக்கான செலவும் இந்தச் சேமிப்பிலிருந்துதான் போகிறது.

ஒரு தடவைக்குப் பொதுவாக 2 முட்டைதான். ஆனால் ஒருமுறை ஆணோடு சேர்ந்தாலே போதும், விந்தணுவை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை பருவம் முழுக்க முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஐந்தாறு தடவை என்பது சாதாரணம். உணவில் கால்சியம் போதாவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்து முட்டை ஓட்டுக்குக் கொடுக்கும். முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போவதும் உண்டு.

அதனால் பெண்ணுக்கு ஒன்றரை வயதாவது ஆகட்டும். எடை 50 கிராமைத் தாண்டட்டும். வால் கழுத்தளவுக்குத் தடித்திருக்கட்டும். இதற்கு முன்பே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சேர்க்க மாட்டேன்.

ஆணை வாங்கினாலும் உடனே பக்கத்தில் விடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் வேறு அறையில் வைத்து, மலத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இருந்தால், தின்றாலும் உடம்பில் ஒட்டாது. வால் குச்சி மாதிரி ஆகிவிடும். நம்பகமான மருந்து கிடையாது.

நிறத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள். லெமன் ஃப்ராஸ்ட் என்ற பளீர் மஞ்சள் வகையை எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கினார்கள். அந்த நிறத்தைத் தரும் மரபணுவேதான் தோலில் கட்டிகளையும் வளர்க்கிறது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வகையில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்குக் கட்டி வந்தது. எனிக்மா வகைக்கு நரம்புக் கோளாறு. தலை சாய்ந்து, நின்ற இடத்திலேயே சுற்றும். இந்த இரண்டையும் இனப்பெருக்கத்துக்கு வைக்கவே வேண்டாம்.

[காட்சி: ஈரப் பாசி நிரப்பிய டப்பா. பாதி புதைந்த இரண்டு வெள்ளை முட்டைகள்.]

சரி, முட்டை கிடைத்துவிட்டது. எடுப்பதற்கு முன்பே மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கடைசி வரை அந்தப் புள்ளி மேலேயே இருக்க வேண்டும். புரட்டினால் உள்ளே கரு செத்துப்போகலாம். சில நாள் கழித்து இருட்டில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். இளஞ்சிவப்பு ஒளிக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிந்தால் உயிர் இருக்கிறது.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை, முட்டையை அடைகாக்க வைக்கும் இன்குபேட்டர் பெட்டியின் வெப்பம்தான் முடிவு செய்யும். 26 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் பெண், 32.5 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலும் ஆண். குஞ்சு 3 கிராம்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா வேண்டும். வளர்ந்த ஆண்கள் இரண்டு ஒரே பெட்டியில் இருந்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஒவ்வொன்றும் 15, 20 வருஷம் வாழும்.

பத்துக் குஞ்சுக்கு வீடு கிடைக்காது என்று தோன்றினால், முட்டை வந்த அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். தயங்காதீர்கள், கரு வளர்ந்த பிறகு செய்வதுதான் கொடுமை.

[காட்சி: அதே தராசு. இப்போது 43 கிராம். மெலிந்த வால்.]

பருவம் முடிந்த பெண் இப்படித்தான் இருக்கும். ஆணின் வாசனைகூட எட்டாத இடத்தில் வைத்து, கால்சியம் தூவிய பூச்சிகளைக் கொடுங்கள். வாரா வாரம் எடை பாருங்கள். அந்த வால் பழையபடி தடிக்கும் வரை அடுத்த ஜோடியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.